பிள்ளைகளின் கைகளுக்கும் கல்வி வேண்டும்

கொத்மலை என்ற பெயரைக் கேட்டவுடன், நாட்டின் ஏனைய பகுதிகளில் வாழ்வோருக்கு 1985 ஆம் ஆண்டில் நிறைவு செய்யப்பட்ட நீர்த்தேக்கமும், அப்பெயருடன் கடைகளில் விற்பனையாகும் பாலும் பாற்கட்டியுமே நினைவுக்கு வரக்கூடும். பூண்டுலோயா, இறம்பொடை, தவலந்தென்னை என விரிந்து செல்லும் அம்மலைச் சரிவுகளில் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும், அங்குள்ள கடைவீதிகளில் தலைமுறைகளாக வணிகம் செய்துவரும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு கவலை உண்டு. பிள்ளைகளின் படிப்பே அது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை தொடங்கி க.பொ.த. உயர்தரம் வரை, தமது வருவாயில் கணிசமான பகுதியைப் பிரத்தியேக வகுப்புகளுக்குச் செலவிடும் பெற்றோரை நாம் அங்கு காண்கின்றோம். இது பெருமைப்படத்தக்க மாற்றமாகும். ஆயினும், இந்த நல்ல மாற்றத்தின் மறைவில் மற்றொரு கல்வி சத்தமின்றி விடுபட்டுப் போவதையும் நாம் கவனிக்க வேண்டியுள்ளது.

சோறு வடித்தல், கிழிந்த உடையைத் தைத்தல், காயத்துக்கு முதலுதவி செய்தல், மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் கையாளுதல், கையிலுள்ள பணத்தைக் கணக்கிட்டுச் செலவிடுதல், ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பிழையின்றி நிரப்புதல் ஆகியன எந்தப் பரீட்சையிலும் புள்ளி பெற்றுத் தராதவை. ஆனால் இவையின்றி ஒருநாளையேனும் கடத்துவது கடினம். பாடசாலைக் கல்வியை இடையில் நிறுத்திக்கொண்டு 17, 18 வயதில் கொழும்புக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞனும், பல்கலைக்கழக விடுதிக்குச் செல்லும் மாணவனும் முதல் மாதத்திலேயே இக்குறையை உணர்கின்றனர். தமக்கென ஒருவேளை உணவு தயாரிக்கத் தெரியாமையால், பெற்ற சம்பளத்தின் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக் கடைகளில் செலவிட்டு, வீட்டுக்கு எதனையும் அனுப்ப இயலாது தவிக்கும் இளைஞர்கள் பலரை நாம் அறிவோம்.

இக்குறைக்குப் பெற்றோரின் அலட்சியம் காரணமன்று. அவர்களது பாசமே காரணம். "நான் பட்ட பாடு என் பிள்ளை படக்கூடாது" என்பது மலையகத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் சொல். அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்கள் மீது சுமத்தியது. நடைமுறையில் அது ஓராசிரியர் பள்ளியாகவும், எழுத்துக்கூட்டி வாசிப்பதுடன் முடிந்துவிடும் படிப்பாகவுமே பெரும்பாலும் அமைந்தது. அதற்கு மேல் கற்றால் கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் ஆள் கிடைக்காது என்ற எண்ணம் நிர்வாகங்களிடம் இருந்தது. 1970களின் நடுப்பகுதி முதற்கொண்டு தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்ற பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. ஆகவே, கைவேலை என்றால் அடிமைத்தனம், புத்தகம் என்றால் விடுதலை என்று ஒரு சமூகம் எண்ணியமைக்கு அதன் அனுபவமே காரணமாகும். அந்த எண்ணத்தை ஏளனம் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை.

அரசாங்கங்கள் இதனைச் சீர்செய்ய முயன்ற வேளைகளிலும் இதே அச்சம் குறுக்கே நின்றது. இலவசக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர கல்வி அமைச்சராக இருந்த 1930களில், கண்டி மாவட்டத்து ஹந்தெஸ்ஸ என்ற ஊரின் பெயரால் ஒரு கிராமியக் கல்வித் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. பயிர்ச்செய்கை, சுகாதாரம், கைப்பணி என்பவற்றைப் பாடத்துடன் இணைப்பதே அதன் நோக்கம். இந்தியாவில் 1937 ஆம் ஆண்டு வார்தாவில் மகாத்மா காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே கல்வியின் நடுவில் வைத்தது. பின்னர் 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தின்போது நம் நாட்டுப் பாடசாலைகளில் தொழில்முன்னிலைக் கல்வி புகுத்தப்பட்டது. 1977 ஆம் ஆண்டு ஆட்சி மாறிய பின்னர் அது கைவிடப்பட்டது. பிற்காலத்தில் தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளில் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்ற பாடம் இடம்பெற்றபோதும், அதனைச் செய்து பழகுவதற்கான கருவிகளும் அறைகளும் பல பாடசாலைகளில் இல்லாதிருந்ததால் அதுவும் குறிப்பெழுதி மனனம் செய்யும் பாடமாகவே போயிற்று.

இவ்வனுபவங்களிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. கைத்திறனைப் பாடசாலை கற்பிக்க முற்படும்போது, "எங்கள் பிள்ளைகளை மட்டும் உழைப்பாளிகளாகவே வைத்திருக்கப் பார்க்கின்றார்கள்" என்ற சந்தேகம் எழுவது இயல்பு. வசதி படைத்தவர் பிள்ளை மருத்துவம் படிக்க, வறியவர் பிள்ளை தச்சு வேலை பழகுவதா என்ற கேள்வியில் நியாயம் இருக்கின்றது. தாய் தன் பிள்ளைக்கு ரொட்டி தட்டக் கற்பிக்கையில் அத்தகைய சந்தேகத்துக்கு இடமில்லை. அங்கு பிள்ளையைத் தரம் பிரிப்பார் இல்லை. எனவே, இக்கல்விக்கு மிகப் பொருத்தமான இடம் வீடே என்பது எமது கருத்தாகும்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த விரும்புகின்றோம். பிள்ளையிடம் வேலை வாங்குவது வேறு, பிள்ளைக்கு வேலை கற்பிப்பது வேறு. தாய் மலைக்குச் சென்ற பின்னர் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காகப் பாடசாலைக்குச் செல்லாது வீட்டில் நிறுத்தப்படும் சிறுமி வாழ்க்கைத் திறன் கற்கின்றாள் என்று எவரேனும் கூறினால் அது பொய்யாகும். அவளது கல்வி பறிக்கப்படுகின்றது என்பதே உண்மை. கற்பித்தலுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. பிள்ளை அவ்வேலையைத் தானாகச் செய்யப் பழகியதும் கற்பித்தல் நிறைவெய்துகின்றது. வேலை வாங்குதலுக்கு முடிவே கிடையாது. நம் நாட்டில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமாகும். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதும் 2021 ஆம் ஆண்டில் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. தோட்டங்களிலிருந்து நகர வீடுகளுக்குப் பணிக்கு அனுப்பப்பட்ட சிறுமியர் அனுபவித்த கொடுமைகளை மறந்துவிட்டு, வீட்டுவேலையின் மேன்மையைப் பேச எவருக்கும் நா எழாது. நாம் வலியுறுத்துவது பிள்ளை தன் வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளும் ஆற்றலையேயன்றி, பிறர் வீட்டில் ஏவல் செய்யும் பழக்கத்தையன்று.

அடுத்தது, ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பாகுபாடு. பெரும்பாலான வீடுகளில் மகளுக்கு வேலை மிகையாகவும், மகனுக்கு அறவே இல்லாமலும் இருக்கின்றது. அதிகாலையில் எழுந்து சமைத்து, நாள் முழுவதும் கொழுந்து பறித்து, மாலையில் திரும்பி மீண்டும் அடுப்படிக்குச் செல்லும் தாயின் சுமையை நாளை மகள் சுமப்பாள். மகன் அப்போதும் இஸ்தோப்பில் அமர்ந்திருப்பான். சமையல் பெண்களுக்குரியது என்போர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கோயில் திருவிழாவின் அன்னதானத்துக்குக் கிடாரம் ஏற்றிச் சமைப்பவர்கள் யார்? ரமழான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர்கள் யார்? ஆண்களே அல்லவா? இறைபணியில் இழிவாகாத வேலை இல்லத்தில் மட்டும் எவ்வாறு இழிவாகும்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது காலணியைத் தாமே செப்பனிட்டு, தமது ஆடையைத் தாமே தைத்து, வீட்டு வேலைகளிலும் பங்குகொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பதை முஸ்லிம் பெற்றோர் தம் ஆண்மக்களுக்கு எடுத்துரைத்தல் நன்று. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் ஜப்பான், 1990களின் முற்பகுதியில் இடைநிலைப் பாடசாலைகளிலும் உயர்நிலைப் பாடசாலைகளிலும் மனையியலை ஆண், பெண் இருபாலாருக்கும் கட்டாய பாடமாக்கியமையும் இங்கு குறிப்பிடத்தக்கது.

மலையகத்தைப் பொறுத்தவரை இத்திறன்களுக்கு மேலும் ஒரு முக்கியத்துவம் உண்டு. இங்கு சில வேளைகளில் உயிரே அவற்றில் தங்கியிருக்கின்றது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன் குடியிருப்புகளைப் புதைத்தது. அது முன்னரே ஆபத்தான இடமென எச்சரிக்கப்பட்டிருந்த பகுதியாகும். 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்கள் பேரழிவைச் சந்தித்தன. பாதைகள் துண்டிக்கப்பட்டு, மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்த நாட்களில், வெளியுதவி வந்து சேரும்வரை குடும்பங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள நேர்ந்தது.

மலை சரியுமுன் பெரும்பாலும் சில அறிகுறிகளைக் காட்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புகள் தோன்றும்; நேராக நின்ற மரங்களும் மின்கம்பங்களும் சாயும்; இல்லாத இடத்தில் ஊற்று பிறக்கும்; தெளிந்து ஓடிய ஊற்று திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும். பகல் முழுவதும் லயத்தைச் சுற்றி ஓடி விளையாடும் பிள்ளைகளே இவற்றை முதலில் காண்பவர்கள். கண்டதும் பெரியவர்களிடம் சொல்லவும், மழை கடுமையாகும்போது எந்தப் பாதையால் எங்கு செல்வது என்பதை அறிந்திருக்கவும் அவர்களைப் பழக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அவசர நோயாளர் காவு வண்டிக்கான 1990, சிறுவர் பாதுகாப்புக்கான 1929 ஆகிய இலக்கங்களை ஒவ்வொரு பிள்ளையும் மனனமாக அறிந்திருக்க வேண்டும். இதனால் பாதுகாப்பான காணியும் வீடும் வழங்கும் கடமையிலிருந்து அரசாங்கமும் தோட்டக் கம்பனிகளும் விடுபட்டுவிட முடியாது என்பதையும் அழுத்திக் கூறுகின்றோம். அக்கடமை நிறைவேறும்வரை பிள்ளைகள் அறிவின்றி இருத்தல் ஆகாது என்பதே எமது கவலை.

அன்றாட ஆபத்துகளும் இவ்வாறே. விறகடுப்பில் கை சுட்டுக்கொண்டால் பற்பசை தடவுவதும் எண்ணெய் பூசுவதும் தவறு. சுமார் 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீரில் பிடித்து, பின்னர் தூய துணியால் மூடிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வயிற்றோட்டம் கண்ட தம்பிக்கு, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் உடலின் நீரிழப்பைத் தடுக்கலாம். பத்து வயதுப் பிள்ளையும் கற்கக்கூடிய இச்சிறு செயல் உலகெங்கும் எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்துள்ளது. குளவிக் கூட்டைக் கண்டால் கல்லெறியாது விலகுவதும், குளவிகள் கலைந்து துரத்தினால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு ஓடி மறைவதும், கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறினால் ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் தேயிலை மலைப் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டியவை. பழைய மின்கம்பிகளால் லயன் வீடுகளில் தீப்பற்றுவது நமக்குப் புதிய செய்தியன்று. ஈரக் கையுடன் ஆளியைத் தொடக்கூடாது என்பதும், பிரதான ஆளி எங்குள்ளது, அதனை எவ்வாறு நிறுத்துவது என்பதும் வளர்ந்த பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டியவையாகும்.

இவற்றை எவ்வாறு கற்பிப்பது? இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி 1907 ஆம் ஆண்டு உரோமாபுரியின் வறிய குடியிருப்பொன்றில் ஆரம்பித்த சிறுவர் இல்லத்தில், துடைத்தல், நீர் ஊற்றுதல், பொத்தான் இடுதல் போன்ற பயிற்சிகளுக்கு முதன்மை அளித்தார். பிள்ளைக்கு விளையாட்டுப் பொருளன்றி, அதன் கைக்கேற்ற அளவிலான மெய்யான பொருளே கொடுக்கப்பட வேண்டும் என்பது அவரது முறை. அதற்கெனப் பணம் செலவிடத் தேவையில்லை. ஒரு சிறிய குவளை, ஒரு சிறிய விளக்குமாறு, ஒரு துணித்துண்டு போதும். முதலில் பெரியவர் மெதுவாகச் செய்து காட்ட வேண்டும். அடுத்து இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும். பின்னர் பிள்ளை தனித்துச் செய்ய, பெரியவர் அருகிருந்து பார்க்க வேண்டும். நீர் சிந்தினால் ஏசாது, துடைக்கும் துணியைக் கையில் கொடுக்க வேண்டும். "தள்ளு, நான் செய்கிறேன், நேரமாகிறது" என்று பறித்துக்கொள்வதே பிள்ளைகளின் கைகளை முடக்கும் பெரும் தவறு.

வயதுக்கேற்ற வரிசையும் தேவை. நான்கைந்து வயதில் தான் உண்ட கோப்பையைக் கழுவவும், உடையை மடிக்கவும் பழக்கலாம். ஏழெட்டு வயதில் அரிசியில் கல் பொறுக்கவும், தன் காலுறையைத் துவைக்கவும், வீடு கூட்டவும் முடியும். பத்துப் பதினொரு வயதில் ஊசியில் நூல் கோத்துப் பொத்தான் தைக்கவும், பெரியவர் அருகில் இருக்கையில் கத்தியால் மரக்கறி நறுக்கவும், ரொட்டிக்கு மாப் பிசையவும் கற்றுக்கொடுக்கலாம். பதின்மூன்று வயதில் சோறு, பருப்பு, சம்பல் என ஒருவேளை உணவைப் பிள்ளை தானாகத் தயாரிக்கலாம். லயத்தின் ஓரத்தில் கைப்பிடி அளவு நிலம் இருந்தாலும் அங்கு போஞ்சியும் கீரையும் பயிரிடப் பழக்கலாம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், உணவுப் பணவீக்கம் 90 வீதத்தையும் கடந்து சென்றபோது, வீட்டோரத்து மரக்கறிப் பாத்தி எவ்வளவு பெறுமதி மிக்கது என்பதை நாம் அனைவரும் கண்டோம்.

பணத்தைக் கையாளும் திறனில் பிள்ளையே பெற்றோருக்கு உதவவும் கூடும். தாயின் சம்பளச் சிட்டையை மாதந்தோறும் பிள்ளையுடன் சேர்ந்து வாசிப்பது சிறந்த பயிற்சியாகும். எத்தனை நாள் பெயர் விழுந்துள்ளது, கழிவுகள் எவை, சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும் என்பன போன்றவற்றைப் பிள்ளை அதிலிருந்து அறிந்துகொள்கின்றது. பாடசாலையில் கற்ற வீதக் கணக்கு அங்கு உயிர்பெறுகின்றது; தாய்க்கும் தன் உரிமை பற்றிய தெளிவு பிறக்கின்றது. கடைவீதியில் வாப்பாவின் அருகே நின்று தராசு பிடித்தும், மாலையில் கணக்குப் புத்தகம் பார்த்தும் பழகிய முஸ்லிம் சிறுவர் பலர் மனக்கணக்கில் சிறந்து விளங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். கைப்பழக்கம் கல்விக்குப் பகையன்று, துணை என்பதற்கு இதனைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், களைத்து வீடு திரும்பும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரமேது என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்வியே. இதற்கெனத் தனியாக வகுப்பு நடத்துமாறு நாம் கோரவில்லை. எப்படியும் செய்யப்படும் வேலையில் பிள்ளையை வாரத்தில் ஒருநாள், அரைமணி நேரம் அருகில் நிறுத்திக்கொண்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை அதற்கு உகந்தது. இதில் தந்தையரின் பங்கு இன்றியமையாதது. தந்தை அடுப்பருகே நிற்பதைக் காணாத மகன் தானாக அங்கு வந்து நிற்கமாட்டான். பரீட்சைக் காலங்களில் இதனை நிறுத்திவைப்பதிலும் தவறில்லை. கோயில் பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், தோட்டங்களிலுள்ள சிறுவர் அபிவிருத்தி நிலையங்களும் முதலுதவி, தீப்பாதுகாப்பு போன்ற பயிற்சிகளுக்கு மாதம் ஒருநாளை ஒதுக்குமாயின் பெற்றோரின் சுமை குறையும்.

இறுதியாக ஒன்றைக் கூற விரும்புகின்றோம். தேயிலைச் செடியின் இளங்கொழுந்தை முற்றிய இலையிலிருந்து தொட்ட மாத்திரத்தில் பிரித்தறியும் விரல்கள் நம் தாய்மாருடையவை. செங்குத்தான சரிவில் கவ்வாத்துக் கத்தி பிடித்துச் செடியின் உயிருக்கு ஊறின்றி வெட்டத் தெரிந்த கைகள் நம் தந்தையருடையவை. இந்நாட்டின் பொருளாதாரத்தை ஒன்றரை நூற்றாண்டாகத் தாங்கியது அந்தக் கைத்திறனே. அதற்கு உரிய ஊதியம் கிடைக்கவில்லை என்பதற்காக, அத்திறனே இழிவானது என்று நாமும் நம்பிவிடலாகாது. பிள்ளை மருத்துவராகட்டும், ஆசிரியராகட்டும், வணிகராகட்டும். தன் உணவைத் தான் சமைக்கவும், தன் உடையைத் தான் தைக்கவும், அருகில் வீழ்ந்தவரைத் தூக்கி முதலுதவி செய்யவும் தெரிந்தவராக இருக்கட்டும். பெற்றோர் பட்ட துன்பம் பிள்ளைக்கு வேண்டாம். ஆனால் அத்துன்பத்தினூடே அவர்கள் ஈட்டிய திறமை பிள்ளைகளைச் சென்றடைய வேண்டும். அதற்கு வரும் ஞாயிற்றுக்கிழமையே நல்ல நாளாக அமையட்டும்.